எழுதாத சுரம்

"விசிலடிப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்கப்பா" என்று ஒந்தீனா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

ஆமில்கரே தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கறி அடைத்த மாவுருண்டைகள் மிதக்கும் சூப்பை ஊதி ஊதிக் குடித்தார்.

"நீ அந்தச் சுரத்தைத் தொடுவியா, மாட்டியா? அதை நீ சொல்லு."

"எழுதினதுல அது இல்லப்பா."

"எங்க அப்பா காதால கேட்டிருக்கார். அவங்க அப்பாவும் கேட்டிருக்கார். எழுதினவன் மறந்திருப்பான்."

"பாட்டை எழுதினவரே மறந்துட்டாரா?"

"அவனும் மனுஷன்தானே" என்றார் ஆமில்கரே. பாலாடைக்கட்டியை எடுத்து சூப்பின்மேல் துருவினார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

வியன்னாவில் ஒந்தீனா ஃபெரேயோலி மேடைக்கு வந்து நின்றாலே கூட்டம் எழுந்து நிற்கும். புவனோஸ் ஐரெஸில் ஒருமுறை அவளுடைய காரைத் தள்ளிக்கொண்டே ஓட்டல்வரை போனார்கள். டோக்கியோவில் ஒரு வகை ரோஜாவுக்கு அவள் பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் இந்த வீட்டு வாசற்படி வரைக்கும்தான். உள்ளே வந்தால் அவள் பன்றித்தொடை உப்பிடும் ஆமில்கரேயின் மூத்த மகள். அதுவும் சுருதி கொஞ்சம் இறங்கிப் பாடும் மகள்.

சின்ன வயதில், உலர்த்துவதற்காக வரிசையாகத் தொங்கவிட்ட தொடைகளுக்கு நடுவே நின்று பாடுவாள். அவர் உப்புக் கையோடு திரும்பிப் பார்த்து, "இறங்குது" என்பார். பிறகு இசைக்கல்லூரி. பிறகு சிற்றூர் அரங்குகளின் இசைநாடகங்களில் தோழி வேடம், வேலைக்காரி வேடம். திரியெஸ்தேயில் நாயகிக்குக் காய்ச்சல் வந்த அன்று அவளை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். இரவல் செருப்பில் போய் நின்று பாடினாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் வாய்ப்புக் கேட்டுப் போகவில்லை.

அவர் மட்டும் எந்த ஊருக்கும் வந்து கேட்டதில்லை. "அங்கெல்லாம் எதுக்கும் கைதட்டுவானுங்க. அதைப் போய் நான் பாக்கணுமா?" என்பார். வானொலியில் கேட்பார். கேட்டுவிட்டு, அவள் ஒப்பனையைக் கலைக்கும் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த வரியில் எங்கே மூச்சை வாங்கினாள் என்று சொல்லுவார்.

சொந்த ஊர் அரங்கில் ஒந்தீனா இதுவரை பாடியதில்லை. அரங்கின் உச்சியில், கூரையை ஒட்டிய மாடத்தில், மலிவு டிக்கெட்டில் உட்காரும் கூட்டம்தான் காரணம். அவர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். இந்த ஊரில் விசில் என்றால் வசை. தங்கள் மனசிலுள்ள பாட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் விசில் பறக்கும். விசில் வாங்கிய பாடகருக்கு மறுநாள் காப்பிக் கடையில் ஆறிப்போன காப்பிதான் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஆமில்கரே. முதல் தீர்ப்பு அவருடையது. அவர் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். உறவு, நட்பு என்று பார்ப்பது அங்கே கேவலம்.

"உலகத்துல எங்க வேணும்னாலும் பாடு, அங்க மட்டும் வேண்டாம்" என்று அவளுடைய மேலாளர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செத்த அடுத்த வருடமே ஒந்தீனா ஒப்புக்கொண்டாள். ஐம்பது நெருங்குகிறது. அந்த மாடத்தின் கைதட்டலை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், அதில் அப்பாவின் கையும் இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

இதில் ஒரு சங்கதி யாருக்கும் தெரியாது. முதல் அங்கம் முடியும் பாட்டின் கடைசியில், எழுதிய இடத்துக்கு மேலே தாவி ஓர் உச்ச சுரத்தைத் தொடுவது இந்த ஊர் வழக்கம். போன குளிர்காலத்திலிருந்து அந்தச் சுரம் அவளிடம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். ஒருநாள் வரும், ஒருநாள் உடையும். அதனால்தான் எழுதியதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் பாடவிடாதவர் என்று பெயரெடுத்த பிரந்தியை இசை நடத்துநராகக் கேட்டு வாங்கினாள். பழி அவர்மேல் போகும். குரலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஆனால் ஊர் விடவில்லை. தொண்டை மிட்டாய் வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர், "மூச்சை முதுகுல தேக்கணும் மேடம்" என்று சொல்லித் தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். டாக்சிக்காரன் அந்தச் சுரத்தைத் தானே பாடிக் காட்டி, பாலத்தில் ஏறவேண்டிய வண்டியை ஆற்றங்கரைப் பக்கம் விட்டான். பூசை முடிந்து வெளியே வந்தவளைப் பாதிரியார் ஓரமாக அழைத்தார்.

"மகளே, அதைப் பாடுவேதானே?"

"சாமி, நீங்களுமா?"

"சும்மா கேட்டேன். நானும் மேலேதான் உக்காருவேன்."

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஆட்டம். உடை மாற்றும் அறையில் தங்கை மஃபால்தா அவள் முதுகுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளூரில் கறிக்கடையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"அப்பா கிளம்பிட்டாரா?"

"காலையிலேயே போயாச்சு. புதுச் சட்டை. பல்லையும் கழுவிப் போட்டுட்டுப் போயிருக்கார்."

"பல்லு எதுக்கு?"

"அது இல்லாம விசில் வராதேக்கா."

ஒந்தீனா கண்ணை மூடிக்கொண்டாள். பிரந்தி தலையை நீட்டினார். "மேடம், எழுதினபடியே. ஒரு சுரம் கூடக் கூடாது."

"சரி மாஸ்ட்ரோ."

"மேல இருக்கறவங்க கத்துவாங்க."

"உங்க பேரைச் சொல்லித்தானே கத்துவாங்க? கத்தட்டும்."

அவர் போனதும் மஃபால்தா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "நிஜமாவே இவர் பேச்சுக்காகத்தானா அக்கா?"

"இறுக்குடி."

திரை ஏறியது. முதல் பாட்டுக்கே கீழே நல்ல கைதட்டல். மேலே நாலைந்து பேர் "ம்ம்" என்றார்கள். அந்த ஊர்க் கணக்கில் அது பெரிய மரியாதை. முதல் அங்கத்தின் கடைசிப் பாட்டு வந்தது. தாவ வேண்டியதில்லை என்பதால் அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில் வைத்தாள். கடைசி வரியில் குரல் படி இறங்கி, எழுதிய இடத்தில் போய் அமர்ந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை இவ்வளவு நன்றாகத் தான் பாடியதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அரங்கில் சத்தமே இல்லை. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

விசில் வந்தது.

இரண்டு விரல் விசில். நாயையும் இரண்டு மகள்களையும் சாப்பிடக் கூப்பிட்ட அதே விசில். மேடையில் வேடத்தைக் கலைக்கக் கூடாது என்பது முதல் பாடம். ஒந்தீனா பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டாள்.

"அப்பா! இறங்கி வந்து நீங்களே பாடுங்க!"

"அந்த கவுன் எனக்குப் பத்தாது!"

அரங்கமே சிரித்தது. மேலேயிருந்து யாரோ, "யோவ் ஆமில்கரே, உம் பொண்ணுய்யா!" என்றான்.

"பொண்ணுன்னா? ஓசியிலயா வந்தேன்? சுரம் எங்கடி?"

"மாஸ்ட்ரோ வேண்டாம்னுட்டார்!"

"மாஸ்ட்ரோவை விடு. உன்னைக் கேக்கறேன். எங்க?"

"எங்கிட்ட இல்ல!" என்று கத்திவிட்டாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "போயிடுச்சுப்பா. போன குளிர்காலமே போயிடுச்சு. நம்பலைன்னா கேட்டுக்கங்க. மாஸ்ட்ரோ, கடைசி வரி!"

பிரந்தி அசையவில்லை. வயலின்காரர்கள் உள்ளூர் ஆட்கள். அவரைக் கேட்காமலே வில்லைத் தந்தியில் வைத்தார்கள். ஒந்தீனா தாவினாள். சுரம் வந்தது, நின்றது, பிறகு ஓட்டை வாளி கிணற்றுச் சுவரில் இடித்ததுபோல உடைந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மேலேயும் விசில் இல்லை. ஆமில்கரே கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அவர் வெகுநேரம் யோசித்தார். எண்பது வயசு மனுஷர் தன் அப்பாவையும் அவர் அப்பாவையும் எதிர்த்துப் பேசுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டாமா?

"முதல்ல பாடினதுதான் சரி" என்றார்.

"என்னய்யா சொல்றே?" என்று பக்கத்தில் பாதிரியார் குரல்.

"சாமி, சும்மா இருங்க. எழுதினவன் மறக்கல. அந்தக் கடைசி இடத்துல மேல போனா அந்த நாயகி சொல்றது கெட்டுப்போகுது. இத்தனை வருஷமா நாமதான் மடையனுங்க." பிறகு கையைத் தட்ட ஆரம்பித்தார். உப்பு தேய்த்துக் காய்த்துப்போன கை, பலகையைப் பலகையில் அடிப்பதுபோல ஒலித்தது. அவரோடு ஒருவர், பிறகு பத்துப் பேர், பிறகு கூரையே இடிந்து விழுகிற மாதிரி. "முதல்ல பாடின மாதிரி! இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள்.

பிரந்தி முகம் சிவந்து நின்றார். "திரும்பப் பாடணும்னு எங்கயும் எழுதல மேடம். என் மேடையில ஒரு பாட்டு ஒரு தடவைதான்."

ஒந்தீனா கண்ணைத் துடைத்தாள். மை கையோடு வந்தது. சின்ன வயதிலிருந்து தன்னைச் சுற்றி நின்று சட்டம் பேசிய அத்தனை ஆண்களின் முகமும் அவளுக்கு அந்த ஒரு முகத்தில் தெரிந்தது.

"மாஸ்ட்ரோ, குச்சியைத் தூக்கறீங்களா, இல்ல எங்க அப்பாவைக் கீழ கூப்பிடட்டுமா?"

பிரந்தி மேலே பார்த்தார். பிறகு குச்சியைத் தூக்கினார்.