மூன்றாம் தொட்டி

நண்டுக் கொட்டகையில் அவளுக்கு ‘ஓடு’ என்று பெயர் வைத்தவர் ஐஸ்காரர். புருஷன் போய்ச் சேர்ந்த நான்காம் நாளே வேலைக்கு வந்து, “இன்னைக்கு எத்தனை கூடை?” என்று கேட்டவளைப் பார்த்து, “இந்தம்மாவுக்குத் தோலில்ல, ஓடு. தொட்டிக்குள்ள விட்டா நண்டே பயந்து ஒதுங்கும்” என்றார்.

“ஒதுங்கட்டும். கடி மிச்சம்” என்றாள் அவள்.

பெயர் ஒட்டிக்கொண்டது. தங்கை மட்டும்தான் அவளை அக்கா என்பாள். அந்தத் தங்கைக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான்.

இவள் வேலை, கோடு பார்ப்பது. நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பின் சில மணி நேரம் ஈரத்துணி மாதிரி மெத்தென்று கிடக்கும். அப்படியே முழுசாகத் தின்னலாம் என்பதால் அந்த நண்டுக்குத்தான் கிராக்கி. எப்போது கழற்றும் என்பதை அதன் கடைசிக் காலே சொல்லிவிடும். துடுப்பு போன்ற அந்தக் காலின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடும். வெள்ளை என்றால் முதல் தொட்டி. ரோஸ் என்றால் இரண்டாவது. சிவப்பு என்றால் இன்றோ நாளையோ கழற்றிவிடும், மூன்றாவது. அந்த மூன்றாம் தொட்டிக்குள் ஒரு ரோஸ் கோடு தவறி விழுந்தாலும் போச்சு. ஓட்டோடு இருக்கிற நண்டு, பக்கத்தில் ஓடில்லாமல் கிடப்பதைத் தின்றுவிடும். கூடப் பிறந்தது என்றெல்லாம் பார்க்காது.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் கை அப்படி ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தங்கைதான் கேட்டாள்.

“என்னக்கா, இப்பல்லாம் நண்டை மூக்குக்கிட்ட வெச்சுப் பாக்கறே? மோந்து பாக்கறியா?”

எப்போதும் போல ஒரு வெடுக்கு பதில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

“கண்ணுல புரை விழுந்திருக்குடி. எல்லாமே டீத்தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி இருக்கு. ரோஸும் சிவப்பும் ஒண்ணாத் தெரியுது.”

“ஐயோ. அப்புறம் எப்படிப் பிரிக்கறே?”

“நகத்தால. துடுப்பு ஓரத்த அழுத்தினா, கழட்டப் போறது லேசா வழிவிடும். ஆபரேஷனுக்கு மூணு மாசம் கழிச்சுத் தேதி குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் ஓட்டிட்டேன்னா போதும். தெரிஞ்சா பொட்டலம் கட்டற ரூம்ல தூக்கிப் போட்டுடுவாங்க. உள்ள போனவ யாரு வெளிய வந்திருக்கா?”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. புருஷனுக்கு வராத அழுகை. தங்கை தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். “நான் இருக்கேன்ல. என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது” என்றாள். அன்று வீட்டுக்குப் போகும்போது உடம்பே பாதி எடையாகிவிட்டது போலிருந்தது அவளுக்கு.

இன்று காலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், திட்டுவதாக இருந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார்.

“உக்காருங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கு.”

“கண்ணு?”

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“எல்லாம் டீத்தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி தெரியுதாமே. முன்னாடியே சொல்லியிருக்கலாம். நீங்க பொட்டலம் ரூமுக்குப் போயிடுங்க. கோடு பாக்க உங்க தங்கச்சியப் போட்டாச்சு.”

டீத்தண்ணி. அந்த வார்த்தையை அவள் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

தங்கை அதற்குள் அவளுடைய ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். கயிறு நீளமாக இருந்ததால் இரண்டு சுற்று சுற்றியிருந்தாள்.

“உன் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். ஒரு நாள் தப்பாப் போச்சுன்னா உன்னை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க.”

“தப்பாப் போச்சா?”

“போகலை. போயிருந்தா?”

“இந்த இடத்தக் குடுன்னு நீ கேட்டியா, அவரா குடுத்தாரா?”

தங்கை ஏப்ரன் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். “யாராவது ஒருத்தர் பாக்கணும்ல” என்றாள்.

அவள் வேறொன்றும் கேட்காமல் பொட்டலம் ரூமுக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். ஓடு கழற்றிய மெத்து நண்டுகளை ஒவ்வொன்றாக ஈரத்தாளில் சுற்றும் வேலை. ஒவ்வொன்றும் கைக்குள் துவண்டது. குழாயடியில் தானும் இப்படித்தான் துவண்டோம் என்று தோன்றியபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மத்தியானம் தங்கை ஒரு நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, இதக் கொஞ்சம் தொட்டுப் பாரேன். ரோஸா சிவப்பான்னு சந்தேகமா இருக்கு.”

அவள் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள். நகத்தை வைத்து அழுத்தினாள். துடுப்பு ஓரம் தகரம் மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வாரம் ஆகும்.

“எனக்கு எல்லாமே டீத்தண்ணிதான்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

தங்கை நண்டை வாங்கிக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் முதல் தொட்டியைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. அப்புறம் நின்றது. தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

அந்தத் தொட்டியில் பதினோரு நண்டு. நேற்றுச் சாயங்காலம் அவளே பார்த்து விட்டவை. காலையில் நாலு கழற்றியிருக்கும். மிச்சம் இந்நேரம் கழற்றிக்கொண்டிருக்கும்.

அவள் கையிலிருந்ததைச் சுற்றி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். வைத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் தொட்டிக்குள் வெறுங்கையை விட்டுத் துழாவினாள். மெத்து, மெத்து, மெத்து. ஒரு காலி ஓடு. அப்புறம் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வெடுக்கென்று ஒரு கடி. கடித்ததை விடாமல் அப்படியே தூக்கி, இரண்டாம் தொட்டி மேலே உதறினாள். விழுந்தது.

தங்கை ஓடி வந்தாள். “அய்யோ, ரத்தம். தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா.”

“சொன்னவதானடி” என்றாள் அவள். “சொன்னதுக்குத்தான் அந்த ரூம்ல உக்காந்திருக்கேன்.”

தங்கை முந்தானையை நீட்டினாள். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய், நண்டு சுற்றும் தாளில் ஒன்றை எடுத்துத் தன் விரலைச் சுற்றிக்கொண்டாள்.

வாசலில் ஐஸ்காரர் கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். “என்ன ஓடு, உன்னையே கடிச்சுட்டுதா?”

“ஆமா” என்றாள். “ஒதுங்கலை.”