பேய் மாப்பிள்ளைக்கு எந்தக் கோயில்?

“ரத்தம் குடிக்கட்டும்னுதான் சொல்றேன், டீச்ச—”

“குடிக்க மாட்டானுங்க! என் மாதேஸ்வரன் நல்ல ஊட்டுப் பேயுங்க!”

“இங்கிலீஷ் கதையில எல்லாம் காதலிச்சுக்கிட்டே குடிக்கிறானுங்க.”

“இவன் நம்ம மலை, அரியூர் நாட்டுக்காரன். களி திங்கிறவன்.”

குணசேகரன் நாமக்கல்லில் மாத நாவல் போடுகிறவர். பிரபாவதி மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர். இது அவளுடைய முதல் நாவல். கதையை வாங்கிப்போக அவரே பஸ் ஏறி வந்திருந்தார். மத்தியான பஸ்ஸில் அது மலையிறங்கினால் நாளைக்கு அச்சு. இல்லையென்றால் வேறு யாரோ ஒருவரின் கதை.

“தொண்ணூத்தேழுல பேய்க்கதை போட்டேன், கட்டுக்கட்டாத் திரும்பி வந்துது. காதல்கதை போட்டேன், அதுவும் வந்துது. பேய்க்கே கல்யாணம் பண்ணி வெச்சேன், ஒரு புக்குகூடத் திரும்பல. அன்னைக்குப் போட்ட சட்டமுங்க: பேய் வாலிபத்துல செத்திருக்கணும், செவப்பா இருக்கணும், பொண்ணு மொதல்ல அலறணும், கடைசியில தாலி.”

“எல்லாம் வெச்சிருக்கேனுங்க. ரத்தம் மட்டும் வேண்டாம்.”

“சரி, பாலே குடிக்கட்டும்.” கதைக்கட்டுக்குக் கை நீட்டினார்.

மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்த, பிரபாவதி குடியிருக்கும் வீட்டுக்காரி அத்தாயி தலை நிமிர்ந்தாள்.

“ஏங்கண்ணு, ரெண்டு பேரும் எங்க பாத்துக்கிட்டாங்க?”

“குலசாமி கோயில்லக்கா. அவ ஏத்துற வெளக்குலதான் அவன் எந்திரிச்சு வாரான்.”

“யாரு குலசாமி?”

“ரெண்டு ஊட்டுக்கும் ஒரே சாமிதான்.” அந்த இடத்தை எழுதும்போது பிரபாவதி அழுதிருந்தாள்.

அத்தாயி கத்தியைக் கீழே வைத்தாள். “அப்பப் பங்காளிங்க. அண்ணன் தங்கச்சி.”

குணசேகரன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“அவன் செத்து நூறு வருசமாச்சுங்க!”

“செத்தா மொற மாறிருமா, டீச்சர்? ராசிபுரத்துல ஒரு கடையில புக்கத் தொங்கவிட முடியாது. ரத்தம் குடிச்சிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன்.”

“பங்காளி செத்ததுக்கு அந்தப் புள்ள தீட்டுல்ல காக்கணும்,” என்றாள் அத்தாயி.

“பேய்க்கு மொற பாக்கோணும்னு எனக்குத் தோணலீங்க. அவனுக்கு மட்டும் பொய்யா ஒரு சாமி பேரு போட்டுர்றேன்.”

“குலசாமியப் பொய்யா எழுதறதா? அச்சுக்கோக்கறவனே கை வெக்கமாட்டான். நெசச் சாமி போட்டா, பேய் எங்க வம்சமான்னு அந்தச் சனம் சண்டைக்கு வரும்.”

கீழே பஸ் ஹாரன் அடித்தது. குணசேகரன் வெறும் பையைத் தோளில் மாட்டினார். பிரபாவதி சட்டென்று அத்தாயியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, உங்க ஊட்டுச் சாமி வேறதானே? நம்ம மாதேஸ்வரன உங்க பங்காளியாச் சேத்துக்கிறீங்களா?”