குழாயடிச் சண்டை

ஊரே குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அதைத் தொடாதவர்களுக்குத்தான் நிம்மதியில்லை. தண்ணீரில் ஏதோ மருந்து கலக்கிறார்கள், குடித்தவன் கேள்வி கேட்கும் புத்தியை இழந்து சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான் என்பது அந்தக் கூட்டத்தின் நம்பிக்கை. மாதக்கணக்காக வீட்டுக் குழாயைத் திறக்காமல், ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றில் இறைத்துக் கேனில் சுமந்து வந்தார்கள்.

அதிலாவது ஒற்றுமை உண்டா? மருந்தைத் தொட்டியில் கலக்கிறார்கள் என்றார் தலைவர், மருந்துக்கடைக்காரர். இல்லை, குழாய்க்குள்ளேயே பூசிவிட்டார்கள் என்றார் வீட்டுத் தரகர். தொட்டிக் கட்சியும் குழாய்க் கட்சியும் மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்னறையில் எதிரெதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து எலியும் பூனையுமாக முறைத்துக்கொண்டார்கள். நடுவில் தையல்கடை அக்கா. எந்தக் கட்சி என்று யாராவது கேட்டால், "எனக்குத் தோள் வலிக்குது" என்பாள்.

அவள் வந்த காரணம் வேறு. அம்மா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது எந்த டாக்டரும் ஏன் என்று சொல்லவில்லை. குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று இவர்கள் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு காரணம் கிடைத்தால் அதை விடுவாளா? பிடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கு அடுத்தபடி அவள் கையில் வளர்ந்த தம்பியையும் இழுத்து வந்தாள். அவன் வீட்டு முன்பக்கத்திலேயே சலூன் வைத்திருந்தான். தலைமுடியை வைத்து எல்லாரும் அவனைச் சுருட்டை என்பார்கள்.

இப்போது அந்தச் சுருட்டைதான் குற்றவாளி.

நடந்தது இதுதான். தண்ணீர் வாரியத்து ஆள் இவர்கள் வீடுகளுக்கு மட்டும் வரிசையாக வந்து, "மீட்டர் ஓடவே இல்லையே, பழுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நம்மில் எவனோ ஆட்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று கூட்டம் அலறியது. யார் வீட்டுக்கு ஆள் வரவில்லை? சுருட்டை வீட்டுக்கு மட்டும்தான். தீர்ந்தது கதை. ஜென்மப் பகையாளிகளான இரு கட்சியும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றுசேர்ந்தன.

கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவனை விலக்கும்போது, அவனை அழைத்து வந்தவர்தான் முதலில் கை தூக்க வேண்டும். விலக்கப்பட்டவனோடு யாரும் பேசக்கூடாது, உடன்பிறப்பே ஆனாலும்.

"அக்கா, நீங்க தூக்கினாத்தான் நாங்க தூக்க முடியும்" என்றார் தரகர்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காட்டிக்கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். இனி ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் படியேற முடியாது. தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அம்மா போனாள், இவனும் போனால் அவளுக்கு யார்?

அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரு தோள் இறங்கியிருந்தது. கேன் சுமந்த தோள். சுருட்டைக்கு மட்டும் இரண்டு தோளும் நேராக இருந்தன. நாள் முழுக்கத் தலை அலசிவிடுகிறவன் எத்தனை கேன் சுமந்திருக்க வேண்டும்! அவளுக்குப் பொறி தட்டியது.

"டேய், நீ குழாய்த் தண்ணியத்தானே பொழங்குற?"

அவன் முகம் வெளுத்தது. "ஆமாக்கா. சொன்னா நீ என்னை விட்டுடுவியோன்னு பயந்துட்டேன். ஞாயித்துக்கிழமை நான் போட்டுத் தர்ற காபியும் அதுலதான்."

அக்கா சிரித்துவிட்டாள். எத்தனை மாதம் கழித்து வந்த சிரிப்பு!

"கேட்டீங்களா? இவன் மீட்டர் ஓடிச்சு, அதனால ஆள் வரலை. நம்ம மீட்டர் ஓடலை, அதனால வந்தான். நம்மளைக் காட்டிக்கொடுத்தது நாமளேதான்!"

"கதை விடாதீங்க. குழாயையே தொடாத என் வீட்டுக்கும்தான் வந்தான். என்னை நானேவா காட்டிக்கொடுப்பேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யாரும் வரலையே" என்றது சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல். "குழாய் தினமும் ஓடிட்டுத்தானே இருக்கு? இத்தனை பாத்திரத்தையும் வேற எதுல கழுவுறதாம்? உங்க கேன் தண்ணி ஒரு குழம்புச் சட்டிக்குக் காணாது."

ஆள் வரவில்லை என்றால் தன்னையும் துரோகி என்பார்கள் என்று பயந்து, மருந்துக்கடைக்காரர் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தார். பாவம்தான். ஆனால் அக்காவுக்கு அப்போது பாவம் பார்க்க நேரமில்லை.

"குடிச்சவன் தலையாட்டுவான்னு சொன்னீங்க. குடிச்ச இவன் யாரு சொல்லியும் ஒரு கையைக்கூடத் தூக்கினதில்லை. குடிக்காத நாமதான், தூக்குன்னா தூக்குறோம், இறக்குன்னா இறக்குறோம்!"

விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, சமையலறை வாசலிலேயே நின்று எல்லார் கண்முன்னும் கடகடவென்று குடித்தாள். என்ன ருசி! தண்ணீருக்கு ருசியில்லை என்று எவன் சொன்னான்?

முதலில் எழுந்து வந்தது கூட்டத்திலிருந்த ஒரு லாரி டிரைவர். "எனக்கும் ஒண்ணு பிடிங்கக்கா. கேன் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு." அவர் பின்னால் தொட்டிக் கட்சி வந்தது. தொட்டிக் கட்சி குடிக்கும்போது குழாய்க் கட்சி சும்மா இருக்குமா? அதுவும் முண்டியடித்து வந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவி வீட்டிலிருந்த டம்ளர், கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்து வந்து கொடுத்தாள்.

தரகர் மட்டும் முன்னறையின் நடுவில் நின்று கத்தினார். "அக்காவையும் தம்பியையும் சேர்த்தே விலக்குறோம்! எல்லாரும் கை தூக்குங்க!"

யார் தூக்குவது? எல்லார் கையிலும் டம்ளர் இருந்தது.

சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "வாக்கா, வீட்டுக்குப் போலாம்."

"இருடா. எல்லாரும் குடிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லி, அக்கா அடுத்த டம்ளரைக் குழாயடியில் பிடித்தாள்.