குஞ்சு எலும்பு

என் கணவருக்கு எல்லாப் பறவையும் விருந்தாளிதான். எங்கள் தீவின் குகை மண்ணைச் சலித்துப் பழைய பறவை எலும்பை எடுத்துக் கையில் கொடுத்தாலும், "சும்மா வந்துட்டுப் போயிருக்கும்" என்பார். அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். வீட்டுச் சண்டையில் பாதி அங்கேதான் நடக்கும்.

இந்த முறை வழக்கு ஒரு மண்ணிறப் புறா. தரையில் கூடு வைக்கும். இப்போது கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அங்கே என் தம்பி சில ஜோடிகளைக் கூண்டில் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறான். அவற்றை எங்கள் தீவில் கொண்டுவந்து விடலாமா என்று வனத்துறை யோசிக்கிறது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பறவை முன்பு இங்கே குஞ்சு பொரித்து வாழ்ந்ததா? குகையில் கிடைத்ததோ வளர்ந்த பறவைகளின் எலும்பு மட்டும். வழிதவறி வந்தவை என்று தள்ளிவிடலாம். தம்பி ஃபோன் போட்டுப் போட்டு என் உயிரை எடுத்தான்.

"குஞ்சு எலும்பு மட்டும் எங்கங்க போயிருக்கும்?" என்றேன்.

"இருந்தாத்தானே கெடைக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் 'மண் அரித்தவை' என்று ஒதுக்கியிருந்த டப்பாக்களை இழுத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். முனை மழுங்கி, ரஸ்க் மாதிரி பொடித் துளைகளோடு குட்டி எலும்புகள். மண் அரித்தால் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். இவற்றில் இரண்டு முனையும் ஒரே சீராக இருந்தன. இது அரிப்பில்லை, வளர்ந்து முடியாத எலும்பு.

"ஏங்க, இதெல்லாம் குஞ்சு."

லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டே கோட்ட விட்டிருக்கேன்," என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆனால் அவர் அதோடு விடுகிற ஆளில்லை. டப்பாக்களை மண் அடுக்குகளின் வரிசையில் வைத்தார். கீழ் அடுக்குகளில் குஞ்சு எலும்பு ஏராளம். மேலே ஓர் அடுக்கில், மனிதர்கள் மூட்டிய அடுப்புக்கரியோடு, முதல் எலிப்பல். அந்த அடுக்கின் குஞ்சு எலும்புகளில் ஜோடி ஜோடியாக எலிப்பல் கொறித்த தடம். அதற்கு மேலே எலி எலும்பு மட்டும்தான்.

"தானா செத்த குஞ்சோட காஞ்ச எலும்பையும் எலி கொறிக்குமே," என்றேன். எனக்கே குரல் எடுபடவில்லை.

"கொறிக்கும். அப்ப அதுக்கு மேல ஏன் ஒரு குஞ்சுகூட இல்ல?"

ஜெயித்த மிதப்பில் அவர் அதைச் சொல்லவில்லை. அந்த எலிகளின் வாரிசுகள் காடு முழுக்கப் பரவி, எங்கள் சமையலறை வரை வந்துபோகின்றன.

ஃபோன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுடா. குஞ்சு எலும்பு நெறைய இருக்கு. அதுங்க இங்கதான் பொறந்து வளந்திருக்கு."

அவன் சத்தமாகச் சிரித்தான். பின்னால் கூண்டுகளில் புறாக்கள் குனுகுவது கேட்டது. "அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்க்கா."

மேசையில் எலிப்பல் கிடந்த டப்பாவைப் பார்த்தேன்.

"வேணாம்டா. அதுங்களத் தின்னது இன்னும் இந்த வீட்டுலதான் இருக்கு."