நாற்பத்தொரு பாயிண்ட்

என் கணவர் ஆரோக்கியதாஸ் இருபத்திரண்டு வருடமாக ஏற்காட்டில் டாக்சி ஓட்டுகிறார். வண்டியில் ஏறுகிற எவரும் அவருக்கு மனிதர் இல்லை, ‘பார்ட்டி’. மலையில் நின்று பார்க்கும் இடமெல்லாம் ‘பாயிண்ட்’: லேடீஸ் சீட்டில் பத்து நிமிடம், பகோடா பாயிண்டில் பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் ஹாரன் அடித்துவிடுவார். பனிமூட்டத்தில் கைகோத்து நின்ற புதுமணத் தம்பதிக்கும் அடித்திருக்கிறார்.

எங்கள் மகள் ஈவ்லின் ஐஸ்லாந்தில் நர்ஸ். போய் மூன்று வருடம் ஆகிறது. ஜூனில் எங்கள் இருவரையும் பத்து நாள் வரச் சொல்லி டிக்கெட்டும் போட்டுவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இவருக்கோ ஒரு தீவு முழுக்கப் பாயிண்ட் கிடைத்துவிட்டது.

அருவி, பனிப்பாறை, கறுப்பு மணல் கடற்கரை என்று யூடியூபில் பார்த்துப் பார்த்து ட்ரிப் ஷீட்டில் எழுதினார். எரிமலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்குமா என்று ஈவ்லினுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தரையிலிருந்து பீய்ச்சி அடிக்கும் வெந்நீர் ஊற்றுக்கு நான்கே நிமிடம் ஒதுக்கியிருந்தார். அது ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அடிக்குமாமே என்றேன். நாம் போகும்போது அடிக்காவிட்டால் அது பார்ட்டியின் அதிர்ஷ்டம் என்றார். பார்ட்டி நான்தான்.

ஜூனில் அங்கே இருட்டவே இருட்டாது என்று தெரிந்த அன்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சம் இருக்கும்போது தூக்கம் எதற்கு, விடிய விடிய ஓட்டலாம் என்று இருபத்தாறு பாயிண்டை நாற்பத்தொன்றாக்கினார். இருட்டாத ஊரில் எப்படி விடியும் என்று கேட்டேன்.

அங்கே ஸ்டீயரிங் இடது பக்கமாம். அதனால் தினமும் காலையில் வாசலில் நிற்கும் காரின் இடது சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்பிப் பழகினார். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வேலியோரம் வந்து, அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மெதுவாக விசாரித்தாள். ஐஸ்லாந்து போகிறார் என்றேன். அவள் இன்னும் பயந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஷீட்டை என்னிடம் பெருமையாக நீட்டினார். மேலிருந்து கீழே படித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் படித்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, இதுல ஈவ்லின் எங்கீங்க?”

அவள்தான் பின் சீட்டில் கூடவே வருவாளே என்றார். லீவு உண்டா என்று அவளைக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. நானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஈவ்லின் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை, இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. மற்ற நாட்களில் அப்பா ஆசைப்பட்ட இடங்களை நாங்கள் டூர் பஸ்ஸில் சுற்றலாம். அவள் நான்கு மணிக்கெல்லாம் டூட்டி முடிந்து வந்துவிடுவாளாம்.

“என்னைக்கும் ஊட்டுக்கு வந்தா ஆரும் இருக்க மாட்டாங்கப்பா. நீங்க வந்தா ஊட்டுல இருப்பீங்கன்னு நெனச்சேன். பரவால்லீங்க, நீங்க சுத்திப் பாருங்க.”

மனிதர் என் கையிலிருந்த ஷீட்டை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. டூட்டி முடிந்து எதில் வருவாய் என்று மகளைக் கேட்டார். பஸ்ஸில்தான், வீட்டுக்கு எதிரிலேயே ஸ்டாப் என்றாள்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தவர், ஷீட்டின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தார். அருவியும் போனது, எரிமலையும் போனது. அந்த வெந்நீர் ஊற்றையாவது விட்டுவையுங்கள் என்று நானே கெஞ்சினேன். அவர் காதில் வாங்காமல் போன் பக்கம் குனிந்து மகளிடம் கேட்டார்.

“சாமி, அந்த ஸ்டாப்புல பெஞ்சு இருக்குதா? நான் மூணு மணிக்கே வந்து உக்காந்துக்கறேன்.”