கலிக்ஸ்தோவைக் கூப்பிட வேண்டும்

சுரங்க முதலாளிகள் போன வாரமே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் வீட்டு நாய்களுக்குக்கூடக் கப்பலில் இடம் இருந்தது. இந்தப் பாழாய்ப்போன கோளில் சுரங்கத்துக்குக் காவலாகக் காலாட்படைக்காரர்களான எங்களை விட்டுப்போனார்கள். தானே ஓடும் கடைசிக் கப்பல் எங்களுக்காக வந்து இறங்கியபோது, நாற்பது பேரில் ஏழு பேர்தான் மிச்சம்.

அந்த ஏழில் கலிக்ஸ்தோவுக்கு வலது கால் இல்லை, காலையில்தான் போனது. கிளர்ச்சிக்காரர்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின்தங்கிச் சுட்டால்தான் மற்றவர்கள் கப்பலேற முடியும். அவன் யாரையும் கேட்கவில்லை; எந்திரத் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். என்னை அவன் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சில் 'மனோங்', அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"ஓடுங்க மனோங். என்னைத் தூக்கினா உங்க கிழட்டு இடுப்பு ஒடிஞ்சிடும்."

"வாயை மூடுடா."

"ஒண்ணே ஒண்ணு. கிளம்பும்போது ரேடியோவுல என்னைக் கூப்பிடுங்க. மறந்துடாதீங்க."

ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போது, எங்கள் ஊரான இலோக்கோஸில், கூட இருப்பவர்களைப் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவோம். இல்லாவிட்டால் உயிர் அங்கேயே நின்றுவிடும். ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போதுகூட அம்மா கூப்பிடுவாள். அவன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஓடினேன்.

கப்பல் எழும்பியதும் ரேடியோவை எடுத்தேன். எங்கள் கேப்டன் அக்பாயானி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் புழுதியில நாம அவங்க கண்ணுக்குத் தெரியமாட்டோம். ஒரு வார்த்தை பேசினீங்கன்னா அதை வச்சே நாம இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு பீரங்கியைத் திருப்பிடுவாங்க. ஆறு உசிரு இருக்கு, சார்ஜென்ட். கேட்டுக்கங்க, பேசாதீங்க."

அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ரேடியோவில் கலிக்ஸ்தோவின் குரல் வந்தது. "மனோங், கிளம்பிட்டீங்களா? கூப்பிடுங்க."

பொத்தானை அழுத்தாமலே கூப்பிட்டேன். "வா கலிக்ஸ்தோ, போகலாம். அங்கேயே தங்கிடாதே." மூன்று முறை. மற்ற நால்வரும் கூடவே சொன்னார்கள். கேப்டனும் சொன்னாள்.

"மனோங்? ஒண்ணும் கேக்கலையே." கொஞ்ச நேரம் துப்பாக்கிச் சத்தம் மட்டும். "ரேடியோ கெட்டுப்போச்சு போல. பரவாயில்ல, நானே கூப்பிட்டுக்கிறேன். வா கலிக்ஸ்தோ, போகலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வா கலிக்ஸ்தோ, போகலாம்."

மூன்றாவதற்காக ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேப்டன் என் கையை விட்டாள்.

"பீரங்கிக்கு எட்டாத உயரம் வந்தாச்சு," என்றாள். "இப்ப கூப்பிடலாம்."