இடுப்புப் பட்டை

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உதவியாளரான அவருக்குப் பெயர் முடிச்சண்ணன். நோயாளி யாராவது எகிறிக் குதித்தால், டாக்டருக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துணிப்பட்டையால் கை காலைக் கட்டிலோடு கட்டுவதில் மனிதர் கில்லாடி. தோலில் ஒரு கீறல் விழாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. போன வாரம் கட்டும்போது ஒரு கிழவர் இவர் முழங்கையில் கடித்துவைத்த தழும்பைக்கூட மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அன்று காலை வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "எல்லாரும் இறங்குங்க! இறங்குங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். போர்வையை உதைத்தார், நர்ஸின் கையைத் தட்டிவிட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. அப்பாவைக் கட்டிடாதீங்கண்ணே," என்று மகள் அழுதாள்.

"நீ வெளிய நில்லும்மா. நான் பாத்துக்கிறேன்."

கைகள் ஆயிற்று, கால்கள் ஆயிற்று. இடுப்புப் பட்டையை இழுத்ததும் டிரைவர் ஒரு அலறல் அலறினார். முடிச்சண்ணனுக்குத் திக்கென்றது. இதே அலறலைப் போன வாரமும் கேட்டிருந்தார். பட்டையைத் தளர்த்தி, தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தார். உப்பிக் கல்லாக இருந்தது.

"டாக்டரம்மா, மயக்க ஊசியைக் கொஞ்சம் நிறுத்துங்க. இங்க தொட்டுப் பாருங்க."

டாக்டர் தொட்டுப் பார்த்தார். உடனே டியூப் போடச் சொன்னார். அடைபட்டிருந்த மூத்திரம் ஒரு லிட்டருக்கு மேல் பையில் இறங்கியது. டிரைவரின் குரலும் கூடவே இறங்கியது.

"இது எந்த ஸ்டாப்பும்மா?" என்று மகளைக் கேட்டார். அவள் அழுகையோடு சிரித்தாள்.

ஆளாளுக்கு முடிச்சண்ணனை முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவரோ முழங்கைத் தழும்பைத் தடவியபடி நர்ஸிடம் போனார்.

"சிஸ்டர், என்னைக் கடிச்சாரே, அந்தப் பெரியவருக்கு என்னவாம்?"

"அவருக்கும் இதேதாண்ணே. வார்டுக்குப் போன பிறகு, சாயங்காலம்தான் கண்டுபிடிச்சாங்க."

காலையிலிருந்து சாயங்காலம் வரை. அன்று அந்த அலறலைக் கேட்டபின் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கியது இவர் கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாடி வார்டுக்கு ஏறினார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். என்ன சொல்வதென்று படிக்கட்டு முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கிழவர் மருமகளோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் பேச்சு நின்றது. மெல்ல மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.